எந்தச் சாமி? எந்தக் குவளை?

திருவேங்கடம் என்றதும் ஏழுமலையும், மொட்டைத் தலையும், லட்டு உருண்டையும் உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அந்தத் திருவேங்கடத்தைப் பற்றியல்ல, தோழர்களே! தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையிலே, கரிசல் காட்டுக்கு நடுவிலே, பருத்தியும் மிளகாயும் விளையும் மண்ணிலே ஒரு திருவேங்கடம் இருக்கிறது. பொழுது விடியுமுன் சோற்றுத் தூக்குடன் தீப்பெட்டி ஆபீசுக்கு நடக்கும் பெண்களின் ஊர். வானம் பார்த்த பூமி. வியர்வை பார்த்த பூமி.

அங்கே கழகப் பொதுக்கூட்டம். கூட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. தோழர்கள் கொடிக் கம்புகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் வழக்கம்போல் "அலோ, அலோ" என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தேநீர்க் கடை பெஞ்சிலே அமர்ந்தேன்.

எனக்கு முன்பே அங்கே மூவர் இருந்தனர். ஒருவர் நெற்றியில் திருமண் இட்ட விவசாயி. இன்னொருவர் ஊர் ஊராகத் தவணைக்குச் சேலை விற்கும் பாய். மூன்றாமவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சட்டைக்குள்ளிருந்து சிறு சிலுவை எட்டிப் பார்த்தது. மூவரும் பேசிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? விலைவாசியல்ல, மழையுமல்ல. நம்பிக்கையைப் பற்றி! ஒழுக்கத்தைப் பற்றி! இந்த அவசர உலகத்தில் வாழ்க்கைக்கு என்னதான் பொருள் என்பதைப் பற்றி!

"பிள்ளைகள் கையிலே எந்நேரமும் போன். பெரியவன் சொல் ஏறமாட்டேன் என்கிறது. சாமி பயம் போனதும் எல்லாம் போச்சு" என்றார் விவசாயி.

"ஐந்து வேளை ஆண்டவனை நினைக்கிறவன் அடுத்தவனை ஏமாற்ற அஞ்சுவான் அண்ணாச்சி" என்றார் பாய்.

"தெய்வ அச்சம் இல்லாமல் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார் ஆசிரியர்.

ஒருவரை ஒருவர் மதித்துப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. மதத்தின் பெயரால் மண்டையை உடைக்கச் சொல்லித் தரும் கூட்டம் வளர்ந்து வரும் நாட்டிலே, மூன்று மதத்தார் ஒரு பெஞ்சில் அமர்ந்து ஒருவர் காசில் மூவரும் தேநீர் அருந்துவதைக் கண்டு என் நெஞ்சு குளிர்ந்தது. நான் கடவுளை நம்பாதவன். ஆயினும் அந்தக் காட்சியை நம்பினேன்.

அப்போது, கடை ஓரத்தில் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் வாய் திறந்தார். நாற்பது வயது இருக்கும். குச்சிக்கு மருந்து முக்கும் வேலைக்காரர் என்பதை அவருடைய விரல்களில் ஏறியிருந்த கறை சொல்லியது.

"அண்ணாச்சி, மூணு பேரும் நல்லதத்தான் சொல்லுதிய. ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. எங்க தாத்தாவுக்கு இந்தப் பக்கத்து ஊருகள்ல டீய சிரட்டையிலதான் ஊத்துவாவளாம். அப்ப எல்லாருக்கும் சாமி பயம் நெறைய இருந்துதே! அந்தச் சாமியெல்லாம் எங்க போயிருந்துச்சு?"

பெஞ்சு அமைதியாகிவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது.

அன்றிரவு நான் மேடையில் ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். ஆனால், அந்தத் தொழிலாளி ஒரு நிமிடத்தில் கேட்டாரே, அதற்கு ஈடான ஒரு வாக்கியம் என் ஒரு மணி நேரப் பேச்சில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மாநாட்டு வாசலும் கோயில் வாசலும்

மதங்கள் கூடிப் பேசுவது புதிதல்ல. 1575-இல் அக்பர் பதேபூர் சிக்ரியிலே வழிபாட்டு மன்றம் அமைத்து, பல சமயத்து அறிஞர்களையும் அழைத்து வாதிடச் செய்தார். நம் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழர்களிடம் கேள்விகளை எழுதிக் கேட்டு, 1712 முதல் 1714 வரை அவர்கள் எழுதிய பதில் மடல்களை ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். மொத்தம் 99 மடல்கள்! பாதிரியார் கேட்டது கடவுளைப் பற்றி. தமிழர்கள் சிலர் திருப்பிக் காட்டியதோ வெள்ளையரின் நடத்தையை. உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம். அதைக் கையில் வைத்திருப்பவர்களின் நடப்பு அப்படி இல்லையே என்பது அந்தப் பதில்களின் சாரம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் மதத்தை உரைத்துப் பார்த்த உரைகல் நடத்தைதான்!

1893 செப்டம்பரில் சிகாகோவில் உலகச் சமய மாநாடு. விவேகானந்தர் முழங்கினார்; உலகம் வியந்தது. அவர் அங்கே செல்லத் தூண்டியும் துணைநின்றும் உதவியவர்களில் ஒருவர் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. நல்ல காரியம். பாராட்டுவோம்.

அடுத்த காட்சியையும் பாருங்கள். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். அவர்களும் திருநீறு பூசியவர்கள். அதே சிவனைத் தொழுதவர்கள். "நுழையக்கூடாதவர்கள் நுழைந்தார்கள், கோயில் தீட்டுப்பட்டது" என்று வழக்கு மன்றம் சென்றவர் யார்? அதே பாஸ்கர சேதுபதி! இடையில் அவரே சமரசத்துக்கும் முயன்றார் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் வழக்கு நிற்கவில்லை. கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

கடல் தாண்டிப் போய் எல்லா மதமும் ஒன்று என்று சொல்ல வழி திறந்தது. கமுதியிலே ஒரே மதத்துக்காரன் உள்ளே வர வழி திறக்கவில்லை! சிகாகோ அருகில் இருந்தது. கமுதிதான் தூரத்தில் இருந்தது!

மதங்கள் கூடிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபரில், வத்திக்கான் பொதுச்சங்கத்திலே, பிற மதங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் ஒதுக்கமாட்டோம் என்று அறிவித்ததே, அது மனித குலத்துக்கு நல்ல நாள். பேசட்டும். ஆனால், வானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வாசலைப் பற்றிப் பேசட்டும் என்கிறேன்.

கழுகுமலையின் பாடம்

திருவேங்கடத்தைச் சுற்றிப் பாருங்கள். நான்கு திசையிலும் மதங்கள் பேசிக்கொண்ட தடயம்.

மேற்கே சங்கரன்கோவில். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்களாம். அரன் பெரியவனா, அரி பெரியவனா என்று அவற்றுக்குள் சண்டையாம். கோமதியம்மன் தவம் செய்ய, பாதி சிவன், பாதி திருமாலாகக் கடவுள் காட்சி தந்தாராம். ஆடித் தபசு என்று இன்றும் இலட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கதையை நான் நம்பவில்லை. ஆனால் கதையில் கருத்து இருக்கிறது. சண்டையைத் தீர்க்க, கடவுளே தன் உடம்பில் பாதியை விட்டுக் கொடுத்தாராம்! பக்தனே, நீ பெஞ்சில் பாதியை விட்டுக் கொடுத்தாயா?

கிழக்கே எட்டயபுரம். நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர். ஆசான் இந்து, மாணவர் இசுலாமியர், இருவருக்கும் இடையே தமிழ்! அதே கரிசல் சீமையில், காமநாயக்கன்பட்டியில் இருந்து பணியாற்றியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். கடையத்துக்குப் பக்கத்துப் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலிலே இந்துக்களும் நேர்ச்சை செலுத்துவது இன்றும் நடக்கிறது.

இடையில் இருக்கிறது கழுகுமலை. ஒரே குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்ப வரிசை; முடிவுறாத வெட்டுவான் கோயில்; அடிவாரத்திலே முருகன் கோயில். பார்ப்பவருக்குச் சமயப் பொறையின் கண்காட்சி போலத் தோன்றும்.

ஆனால் 1895 ஏப்ரலில் அந்தக் கழுகுமலைத் தெருவில் இரத்தம் ஓடியது. ஏன்? நாடார்கள் தங்கள் ஊர்வலம் தேரோடும் வீதியில் செல்ல உரிமை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் அவர்களில் பலர் கத்தோலிக்கரானார்கள். தேர் வீதியிலேயே வீடு வாங்கி வழிபாட்டுக் கூடமாக்கினார்கள். பங்குனித் தேர் வந்தது. பந்தல் குறுக்கே நின்றது. வாய்ச்சண்டை கைச்சண்டையானது, கைச்சண்டை கொலையில் முடிந்தது. எட்டயபுரம் சமீன் மேலாளர் உட்படப் பலர் மடிந்தனர்.

அதை "மதக் கலவரம்" என்று எழுதுவாருண்டு. நான் கேட்கிறேன்: அங்கே மோதியது முருகனும் ஏசுவுமா? இல்லை! மோதியது தெருவில் நடக்கக் கேட்ட காலும், நடக்காதே என்று மறித்த கையும்! தெருவைக் கொடுத்திருந்தால் அவர்கள் மதம் மாறவேண்டிய தேவை வந்திருக்குமா? மதம் மாறினாலும் பகை மூண்டிருக்குமா?

மீனாட்சிபுரம்

இனி மேற்கே, மலையடிவாரத்துக்கு வாருங்கள். பண்பொழி, வடகரைப் பக்கம். தென்றல் தவழும் இடம். குற்றாலச் சாரல் எட்டிப் பார்க்கும் இடம். அங்கே மீனாட்சிபுரம் என்றொரு சிற்றூர்.

1981 பிப்ரவரி 19. அன்று ஏறத்தாழ 180 குடும்பத்தார், ஒடுக்கப்பட்ட மக்கள், இசுலாத்தைத் தழுவினார்கள். ஊருக்கு ரகுமத் நகர் என்று பெயர் சூட்டினார்கள்.

டெல்லி அதிர்ந்தது! அதுவரை மீனாட்சிபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவர்கள் எல்லாம் காரேறி வந்தார்கள். வாஜ்பாய் வந்தார். நடுவண் அமைச்சர் வந்தார். ஆரிய சமாஜத்தார் வந்தார்கள். நாடாளுமன்றம் பேசியது. ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "யார் பணம் கொடுத்தார்கள்? அரபு நாட்டுப் பணமா?"

சிந்தித்துப் பாருங்கள் தோழர்களே! தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் செருப்பைக் கையில் தூக்கி நடந்தபோது யாரும் கார் ஏறவில்லை. தனிக் குவளையில் குடித்தபோது நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்படவில்லை. பக்கத்தில் நடந்த ஒரு கொலையையொட்டிக் காவல்துறையின் கெடுபிடியில் அவர்கள் அல்லல்பட்டபோது ஆன்மிகத் தலைவர் எவரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. அவர்கள் போன பிறகுதான், "ஐயோ, போகிறார்களே!" என்ற கூக்குரல். இருந்தவரை மனிதனாக எண்ணாதவன், போன பிறகு தலையாக எண்ணினான்!

பணத்துக்காகவா போனார்கள்? அந்த ஊர் வயிற்றுக்கில்லாத ஊரல்ல. நிலம் வைத்திருந்தவர்கள் உண்டு. பட்டம் பெற்றவர்கள் உண்டு. அரசுப் பணியில் இருந்தவர்கள் உண்டு. சோறு இருந்தது, படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. இல்லாதது ஒன்று. தெருவிலே, கடையிலே, காவல் நிலையத்திலே மரியாதை!

இங்கேதான் "வாழ்க்கையின் பொருள் என்ன?" என்ற பெரிய கேள்வி தரைக்கு வருகிறது. மெத்தையில் சாய்ந்திருப்பவன் அந்தக் கேள்வியைத் தத்துவமாகக் கேட்கிறான். மீனாட்சிபுரத்துப் பட்டதாரி அதைத் தேநீர்க் கடையில் கேட்டான். பட்டம் வாங்கி வந்த பிள்ளையை, பள்ளிக்கூடமே பார்க்காதவன் "ஏலே" என்று கூப்பிடும்போது, அந்தப் பட்டத்துக்கு என்ன பொருள்? அந்தப் படிப்புக்கு என்ன பொருள்?

பின்னாளில் அங்கே சென்ற செய்தியாளர்களிடம் அந்த மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது சொர்க்கத்தைப் பற்றியல்ல. "ஏலே" போய் "பாய்" வந்தது என்பதைத்தான். அதே மனிதர், அதே முகம், அதே தெரு. ஒரு சொல் மாறியது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு ஊரே நம்பிக்கையை மாற்றிக்கொண்டது.

அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று 1950-லேயே சொல்லிவிட்டது. 25-ஆம் பிரிவு மனச்சான்று உரிமையைக் கொடுத்தது. 31 ஆண்டுகளாக 17-ஆம் பிரிவு அந்த ஊருக்குள் நுழையவில்லை. அதனால் அவர்கள் 25-ஆம் பிரிவின் வழியாக வெளியே போனார்கள்! குற்றம் யாருடையது?

அம்பேத்கர் 1935-இல் இயோலா மாநாட்டில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். பெரியார் 1930-களிலேயே, இழிவு நீங்க இசுலாம் ஒரு மருந்து என்று சொன்னார். கடவுளை மறுத்தவர் ஏன் அப்படிச் சொன்னார்? அவர் பார்த்தது வானத்தையல்ல, வரிசையை! தொழுகை வரிசையிலே தோளோடு தோள் நிற்கிறார்களே, அந்த வரிசையை!

சுவர்கள்

அப்படியானால் மதம் மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? நேர்மையாகப் பேசுவோம். நம் கட்சிக்கு வசதியான உண்மையை மட்டும் சொல்லி இறங்கிப் போவது பகுத்தறிவு ஆகாது.

நெல்லைச் சீமையிலே வடக்கன்குளம். அங்கே 1872-இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு இரண்டு உடல், ஒரு தலை. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார், நடுவிலே சுவர்! பீடம் ஒன்று. அப்பம் ஒன்று. ஏசு ஒருவர். ஆனால் சுவரும் ஒன்று இருந்தது. 1910-இல் காசனேல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தார். இடித்ததற்காக வழக்கு! சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பாதிரியாரை நான் வணங்கமாட்டேன், ஆனால் மறக்கமாட்டேன்.

1910-இல் சுவர் விழுந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டமாக அன்றிருந்த பகுதியில், எறையூரில், ஒடுக்கப்பட்ட கிறித்தவர்கள் சம உரிமை கேட்டபோது கிறித்தவருக்குள்ளேயே மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே வேதம் படித்தவர்கள்தானே இருபுறமும்?

பாயிடமும் கேட்போம். தோளோடு தோள் நிற்கும் வரிசை பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வாசல் வரைக்கும் வந்ததா? எங்கே வந்ததோ அங்கே வாழ்த்துவோம். வராத இடத்தில் கேட்போம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தவர் என்ற தகுதியை இந்துக்களுக்கு என்று வகுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவம், இசுலாம் சென்றவர்கள் சேர்க்கப்படவில்லை. சாதி அவனைத் துரத்திக்கொண்டு போகிறது. சலுகை மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது! இதை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. ஓடுகிறவனின் காலைக் கட்ட 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் மக்கள் கொடுத்த அடிக்குப் பின், கொண்டுவந்த ஆட்சியே அதைக் கைவிட்டது. கதவைப் பூட்டத் துடித்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று கேட்கவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டுமா? 1960 பிப்ரவரி 1. அமெரிக்காவில் கிரீன்சுபரோ என்ற ஊர். நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையர் அமரும் இருக்கையில் அமர்ந்து காபி கேட்டார்கள். "உங்களுக்கு இங்கே கிடையாது" என்றார்கள். கேட்டவனும் கிறித்தவன், மறுத்தவனும் கிறித்தவன்! மாணவர்கள் எழுந்து போகவில்லை. மறுநாள் வந்தார்கள், அதற்கு மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அந்தக் கடை இருக்கையைத் திறந்துவிட்டது. ஒரு குவளைக் காபி ஒரு நாட்டையே உலுக்கியது!

ஈரோட்டாரும் அடிகளாரும்

அப்படியானால் நம்பிக்கையாளனும் நம்பாதவனும் என்னதான் பேசிக்கொள்வது? பேசிக் காட்டியவர்கள் நம்மிடமே உண்டு.

குன்றக்குடி அடிகளார் சைவ மடத்தின் தலைவர். பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்தவர். இருவரும் மேடைகளில் மோதினார்கள். பிறகு நெருங்கினார்கள். குன்றக்குடி மடத்தில் அடிகளார் திருநீறு அளித்தபோது, பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று இயக்கத்தின் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரியார் பக்தர் ஆகிவிட்டாரா? இல்லை. அடிகளார் நாத்திகர் ஆகிவிட்டாரா? அதுவும் இல்லை. ஒருவர் நெற்றியை மற்றவர் மதித்தார். அவ்வளவுதான்! சாதி ஒழியவேண்டும், தமிழ் கோயிலுக்குள் ஒலிக்கவேண்டும் என்ற இடத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள்.

அதே அடிகளார், 1982-இல் மண்டைக்காட்டில் இந்துவுக்கும் கிறித்தவருக்கும் கலவரம் மூண்டபோது, மக்களிடையே அமைதி தேடிச் சென்றார். கனல் அணையாத ஊர்களில் மனிதர்களோடு பேசினார். மதங்களின் உரையாடல் என்று நான் சொல்வது இதைத்தான்.

எனவே, "சாமி பயம் இல்லாமல் ஒழுக்கம் ஏது?" என்று கேட்ட ஆசிரியருக்கு, மரியாதையோடு என் விடை இது. ஐயா, பயம் நிறைந்திருந்த காலத்தில்தான் சிரட்டையும் இருந்தது. ஆகவே பயத்திலிருந்து ஒழுக்கம் தானாக வந்துவிடவில்லை. அதே நேரம், கடவுளை நம்பியே சிரட்டையை உடைத்தவர்களும் உண்டு. சாமித்தோப்பிலே வைகுண்டர் எல்லாரும் நீர் எடுக்கும் பொதுக் கிணறு கண்டார். தலைப்பாகை கட்ட உரிமையில்லை என்று ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். வடலூரிலே வள்ளலார் 1867-இல் தருமசாலை திறந்து, சாதி கேளாமல் பசிக்குச் சோறு போட்டார். அவர்கள் நம்பினார்கள், நான் நம்பவில்லை. ஆனால் அவர்களும் நானும் ஒரே கட்சி! சிரட்டையை நீட்டுகிறவன் பக்தனானாலும் எதிர்க்கட்சி. நாத்திகனானாலும் எதிர்க்கட்சி!

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மற்றவர் வீட்டுச் சுவரைக் காட்டிவிட்டு நம் வீட்டுச் சுவருக்குத் திரை போடுவது நாணயமல்ல.

செய்ததைச் சொல்லலாம், பெருமையோடு சொல்லலாம். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சட்டம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. 1970-இல் கலைஞர் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டம் செய்தார். நீண்ட வழக்குகளுக்குப் பின், 2021 ஆகஸ்ட் 14-இல் பயிற்சி பெற்ற அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகப் பணி ஆணை பெற்றார்கள். 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டத்தின் முதல் ஊர் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள், அவற்றில் 40 ஒடுக்கப்பட்டவர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு, 10 மற்றவர்களுக்கு. பக்கத்து வீடு யார் வீடு என்பதைச் சாதி முடிவு செய்யாத தெரு! மதத் தலைவர்கள் மாநாட்டில் பேசியதை, செங்கல்லும் சுண்ணாம்பும் செய்து காட்டின.

ஆனால் அடுத்த வரியையும் எழுதவேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் படித்த ஒடுக்கப்பட்ட சமுதாயத்து மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நம் ஆட்சியின் காலத்தில் நடந்தது அது. நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டிலே சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று அந்த அறிக்கை சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் அந்தக் கயிற்றைப் பாடப் புத்தகத்திலா கற்றார்கள்? வீட்டில் கற்றார்கள், தோழர்களே! நம் வீட்டில்!

கறுப்புச் சிவப்புத் துண்டு தோளிலே. சாதிச் சங்க நாட்காட்டி சுவரிலே! மேடையில் பெரியார்; மகளுக்கு வரன் பார்க்கும்போது உட்பிரிவு! "எங்களுக்கு மதமில்லை" என்று மார்தட்டுகிற நம் தோழன் ஒருவன், தன் தெருவில் வேறு சாதிக்காரன் வாடகைக்கு வந்தால் முகம் சுளிக்கிறான் என்றால், வடக்கன்குளத்துச் சுவருக்கும் அவன் நெஞ்சுக்கும் என்ன வேறுபாடு? அந்தச் சுவரையாவது கடப்பாரையால் இடிக்க முடிந்தது!

சிரட்டை போயிற்று, உண்மை. தனிக் குவளையும் பல ஊர்களில் போயிற்று, அதுவும் உண்மை. சில இடங்களில் காகிதக் குவளை வந்திருக்கிறது. குடித்துவிட்டு எறிந்துவிடலாம், யார் குடித்தது என்ற கேள்வியே எழாது. சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குக் காகிதக் குவளை என்று எங்கேனும் கண்டால், தோழனே, அது சிரட்டையின் பேரன் என்று தெரிந்துகொள்!

கூட்டம் முடிந்து நான் புறப்படும்போது, கடை மூடும் நேரம். அந்தத் தொழிலாளி விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தார். விவசாயி அவரைக் கைகாட்டி அழைத்தார். "ஏம்ப்பா நிக்க? இங்கன உக்காரு" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பாய் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். ஆசிரியர் கடைக்காரரிடம், "நாலு டீ போடுப்பா" என்றார்.

சிரட்டைக் கேள்விக்கு அவர்கள் யாரும் விடை சொல்லிவிடவில்லை. ஒரு தேநீரில் தீர்ந்துவிடும் கணக்கல்ல அது, தலைமுறைக் கணக்கு. ஆனால் மாலையில் மூவர் அமர்ந்திருந்த பெஞ்சில் இரவில் நால்வர் அமர்ந்தார்கள்.

தோழனே! உன் ஊரில் மதம் பேசுகிறவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகாதே. போய் உட்கார். எந்தச் சாமி என்று அவர்கள் பேசட்டும், கேட்டுக்கொள். உன் முறை வரும்போது, எந்தக் குவளை என்று கேள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போ. உன் வீட்டுத் திண்ணையில் யாருக்கெல்லாம் இடமிருக்கிறது என்று எண்ணிப் பார். இடமில்லாதவன் ஒருவன் இருந்தாலும், நாளைக் காலை முதல் வேலை அவனை அழைத்து உட்கார வைப்பதுதான். மேடை அதற்குப் பிறகு!